ஆட்டியண்ணை ஆட்டாமல் விட்ட பல்

வன்னி மண்ணில் நட்ட ஒன்றை ஆட்டியண்ணை ஆட்டிப் பார்க்கவில்லை என்றால், அது இன்னும் சரியாக நடப்படவில்லை என்றுதான் ஜெயபுரத்தில் நாங்கள் எடுத்துக்கொள்வோம். வேலிக்கு ஊன்றும் கதியால், வாழைக்கன்று, மின்கம்பம் எதுவும் அவர் கைக்குத் தப்பியதில்லை. ஒருமுறை மணவறையை ஆட்டிப் பார்த்ததில் மாப்பிள்ளை எழும்பி நின்றுவிட்டார்.

தொழில் அப்படி. அவர் ஸ்பீக்கர்காரர். கம்பம் நட்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார். பிறகு தானே மைக்கைப் பிடித்துத் திருவிழாவையும் உதைபந்தாட்டத்தையும் அறிவிப்பார். அவர் சொல்லிக் கேட்டால் தோற்ற அணியும் கைதட்டும்.

அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது. நன்றாக நின்ற கம்பத்தை இன்னொரு தரம் ஆட்டிப் பார்க்க, மேலிருந்த குழாய் இறங்கி அவருடைய முன்பல்லைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மைக்கில் 'விளையாட்டுச் சங்கம்' என்றால் காற்றுத்தான் முன்னுக்கு வந்தது. சனம் சிரித்தது. மைக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கம்பத்தடியில் போய்க் குந்தினார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில், கிளிநொச்சியில் ஒரு பெண் பல் டொக்டரிடம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். டொக்டர் அண்ணையின் தாடை எலும்புக்குள், புதுப்பல்லுக்கு வேராக, டைட்டேனிய ஆணி ஒன்றை இறக்கி, "எலும்பு பிடிக்க மாசக்கணக்காகும், தொடாதையுங்கோ" என்றார். யாரிடம் சொல்கிறார்! திரும்பும் வழியிலேயே பின்னாலிருந்து குரல் வந்தது: "தம்பி, கொஞ்சம் ஆடுற மாதிரிக் கிடக்கு."

நாளும் பொழுதும் ஆட்டினார். ஆணி தளர்ந்து, டொக்டர் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. அவர் கோபிக்கவில்லை. ஆணியைச் சுத்தம் செய்து, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு கையில் கொடுத்தார்.

"ஆணியின்ர கழுத்து மினுங்குது, உடம்பு மங்கிக் கிடக்கு. பழைய சாமானே பிள்ளை?"

"இல்லை அண்ணை. துகள் அடிச்சு, அமிலத்தில போட்டு, வேணுமெண்டுதான் சொரசொரப்பாக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கு. அதில இரத்தம் ஒட்டி உறையும். பிறகு எலும்பு வளந்து இறுக்கும்."

"அப்ப கழுத்தையும் அப்பிடி ஆக்கினா என்ன?"

"அது முரசில, பல்லைச் சுத்தின சதையில, படுற இடம். சொரசொரப்பெண்டா ஊத்தை பிடிச்சு முரசு வீங்கும்."

"நான் ஆட்டினதால என்ன நடந்தது?"

"எலும்பு வரவேண்டிய இடத்தில சவ்வு வந்திட்டுது. சொரசொரப்பு இடத்தைத்தான் குடுக்கும் அண்ணை, நேரத்தை நீங்கள்தான் குடுக்கோணும். இன்னொண்டு போடலாம். அதுவும் கழண்டா, பிறகு போட எலும்பு காணாது."

அன்று பின்னேரமே பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார்: பல் பிடிக்கும்வரை எதையும் ஆட்டுவதில்லை. இரண்டாவது ஆணி இறங்கியது. அந்த மாதங்களை எப்படிக் கடந்தார் என்பது பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். கம்பத்தைக் கண்டால் மறுபக்கம் பார்த்தார். பழைய ஆணி சட்டைப்பையில் இருந்தது. போகிற வருகிறவர்களை மறித்து உருப்பெருக்கியை நீட்டி, "எலும்புக்கு ஏன் மங்கல், முரசுக்கு ஏன் மினுக்கம், சொல்லுங்கோ பாப்பம்" என்பார். தேங்காய் வாங்கப் போன என் மனைவி பல் பாடம் படித்துவிட்டு வந்தாள். தேங்காய் வரவில்லை.

கடைசியில் டொக்டர் ஆணியைக் கருவிப் பிடியால் மெதுவாகத் தட்டினார். கணீரென்றது. ஸ்பீக்கர்காரருக்குச் சத்தம் விளங்கிவிட்டது.

"பிடிச்சிட்டுது அண்ணை. இப்ப ஆட்டிப் பாருங்கோ."

அவர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். "பிடிச்சதை ஏன் பிள்ளை ஆட்டோணும்?"

பல் கட்டிய பிறகு வந்த முதல் உதைபந்தாட்டத்தில், மைக்கில் 'சங்கம்' முழுசாக வந்தது. தேவையில்லாத இடத்திலும் சங்கத்தைச் சொன்னார். ஆனால் மைக் பிடிக்காத கை முதுகுக்குப் பின்னாலேயே நின்றது. நேர்த்தி முடிந்தும் கைக்கு அது தெரியவில்லை.

போன கிழமை என் வீட்டுப் படலையைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு, யாரோ பிறத்தியார் மாதிரிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை.

"அண்ணை, இந்தப் படலைத் தூண் கொஞ்சம் ஆடுற மாதிரிக் கிடக்கு. ஒருக்காப் பாருங்கோவன்."

சைக்கிளைச் சாத்திவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். பிறகு புதுப்பல் தெரியச் சிரித்தார். "இறுகித்தான் கிடக்கு தம்பி."

எனக்கும் தெரியும். கொங்கிறீட் போட்டு நட்டவனே நான்தான். அவர் வந்து ஆட்டாத தூண் எனக்கு நட்ட தூணாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.