கூந்தப்பனைக்காரர் மரம் ஏறிய காலை

எங்கள் சேந்தமங்கலத்தில் யார் சாகப்போகிறார் என்பது வைத்தியருக்கு முன்பே கூந்தப்பனைக்காரருக்குத் தெரிந்துவிடும். அவருடைய உண்மைப் பெயரைக் கேட்க நினைத்ததுண்டு. கேட்டால் தவறாகிவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

பூ அலங்காரம் அவர் தொழில். எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது; அதன் வாசலில் ஒற்றைக் கூந்தல்பனை வளர்த்தார். மீன்வால் போல நுனி கிழிந்த அதன் ஓலைகளைப் பின்னால் விரித்து, முன்னால் அரளியும் சம்பங்கியும் வைத்துக் கட்டுவார். மணவறைக்கும் அந்த ஓலைதான், பாடைக்கும் அதுதான். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டக் குனிந்தவரைத் தோளைப் பிடித்து நிறுத்தி, "கொஞ்சம் அக்கட்டால தள்ளுங்க மாப்பிள்ளை, ஓலை மறையுது" என்றார். பிணங்கள் மட்டுமே அவர் வைத்த இடத்தில் இருந்தன.

ஓலை கேட்டு வந்த வீட்டுக்கு, மரத்தில் இருக்கும்போது இல்லை என்று சொல்லமாட்டார். சொன்னால் கை அழுகிவிடுமாம். ஜென்மப் பகையாளி வீட்டுச் சாவுக்கும் திட்டிக்கொண்டே வெட்டிக் கொடுத்தார்.

தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார். எந்த ஓலை என்று முடிவு செய்கிறார் என்று அந்த வீட்டில் அழத் தொடங்கிவிடுவார்கள். ஒரு கிழவர் அதற்குப் பயந்தே எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

வாந்திபேதி வந்த வருஷம் அடுத்தடுத்துப் பாடை கட்டினார். சின்னப் பாடை கட்டும் நாட்களில் மட்டும் யாரோடும் பேசவில்லை.

என் பெண்ணுக்கு அப்போது பத்து மாதம். தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுத்தேன். போதுமான அளவு காய்ச்சினேனா என்று இன்றும் சந்தேகம். இரண்டாம் நாள் காலை அவள் கண்கள் குழி விழுந்துவிட்டன. அவள் அப்பா டாக்டரை அழைத்துவர நாமக்கல்லுக்குப் போயிருந்தார். பக்கத்து வாசலில் ஓலை விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கூந்தப்பனைக்காரர் அரிவாளோடு மரத்தின் மேலே.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஏனுங்க, எம் புள்ளை இன்னும் மூச்சு உடுதுங்க. அதுக்குள்ள ஏனுங்க வெட்டறீங்க?"

அரிவாள் மறுபடி இறங்கியது. இன்னொன்று விழுந்தது. இன்னொன்று. கடைசியில் குருத்தையும் வெட்டினார். குருத்துப் போனால் மரம் பிழைக்காது என்பது எனக்கே தெரியும்.

இறங்கி வந்து அத்தனை ஓலையையும் துண்டு துண்டாக நறுக்கி எருமைக்குப் போட்டார். எருமை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"உள்ள போ அம்மிணி," என்றார். "ஓலை இருந்து நீ கேட்டீன்னா நான் குடுத்தாகோணும். இனி எங்கிட்ட ஓலையே இல்ல."

மதியம் டாக்டர் வந்தார். மூன்றாம் நாள் அவள் பாலுக்கு அழுதாள்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. பட்டுப்போன மரத்தின் பக்கத்தில், கொல்லிமலையிலிருந்து கொண்டுவந்த கன்று ஒன்றை நட்டிருக்கிறார். "உம் புள்ளை கண்ணாலத்துக்கு ஆகும்" என்கிறார். தினமும் அவர் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனதும் நானும் ஒரு குடம் ஊற்றுகிறேன். அதிகமாகிவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது.