மேலயும் கீழயும் துள்ளுன புள்ளிக

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நாலு பக்கம் நோட்ட டைப் அடிச்சு, பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும்.

நோட்டுன்னா மியூசிக் நோட்டு. அஞ்சு கோடு, அதுமேல புள்ளி. புள்ளி மேல ஏறுனா சுரம் ஏறும், கீழ இறங்குனா இறங்கும்.

எங்க தெரு கருப்பசாமி அண்ணன் பேண்டு செட் மாஸ்டர். அவுக கைய ஆட்டுனாத்தான் பயலுக வாசிப்பானுக. ஆனா இந்தத் தடவ கல்யாணமே அவுகளுக்கு! மாலையும் கழுத்துமா கார்ல உக்காந்துக்கிட்டு கையாட்ட முடியுமா?

பொண்ணு தனலட்சுமி மதினி வேற ஒரு கண்டிஷன் போட்டாக. "ஊருக்கெல்லாம் சினிமாப் பாட்டு வாசிக்கிறீக. எனக்குன்னு ஒரு மெட்டு போடுங்க."

அண்ணனும் போட்டுட்டாக. கோழி கிண்டுன மாதிரி ஒரு நோட்டுப் புஸ்தகத்துல.

"ஏலே, காலேஜ்ல கம்ப்யூட்டர்தான படிச்ச? அழகா அடிச்சுக் குடு."

ரெண்டாவது வருசமே ஓடியாந்தவன்னு சொல்ல வாய் வரல. "ஒரு மணி நேரம்ணே"ன்னுட்டேன்.

எங்கிட்ட இருக்கிறது கிழட்டு லேப்டாப். விண்டோஸ் தாங்காதுன்னு, ஓசியில கெடைக்கிற லினக்ஸ் போட்டிருக்கேன். வெளிய மட்டும் "கொள்கைடா!"ன்னு பீத்திக்கிறது.

கோட்டு மேல புள்ளிய இழுத்து வைக்கிற சாஃப்ட்வேர் ஒண்ணு இறக்குனேன். திறந்துச்சு. மூடிக்கிச்சு. மறுபடி திறந்தேன். மூடிக்கிச்சு. கடன் கேட்டு வந்தவன்னு நெனச்சிருச்சு போல!

இன்னொண்ணு ஓடுச்சு. ஆனா அதுல கோடும் கெடையாது, புள்ளியும் கெடையாது. எல்லாத்தையும் இங்கிலீஸ் எழுத்தா அடிக்கணும், கடைசியில ஒரு தட்டு தட்டுனாத்தான் படமா வரும். கண்ணக் கட்டிக்கிட்டு கோலம் போடுற வேலை. ஒரு அடைப்புக்குறி விட்டுப் போச்சு, முப்பது வரிக்குத் திட்டுச்சு. எங்கம்மாவே அம்புட்டுத் திட்டுனதில்ல.

ஒரு மணி நேரம் மூணு நாளாச்சு. ஆனா வந்துச்சு பாருங்க, முத்து முத்தா!

திருத்தங்கல் பிரஸ்ல டிசைன் பண்ற முத்துலட்சுமி அக்காவுக்கு, பிரிண்ட் போட அனுப்புனேன். காலண்டர் சீசன், அவுகளுக்கு மூச்சு விட நேரமில்ல. இருந்தும் "பண்ணித் தாரேன் தம்பி"ன்னாக. மாப்பிள்ளை அழைப்பன்னிக்கு மத்தியானம், அச்சடிக்கிறதுக்கு முந்தி சரிபாக்கச் சொல்லி போன்ல புரூஃப் வந்துச்சு.

"நல்லாப் பாத்துட்டு ஓகே சொல்லு."

நான் மண்டபத்துல வடை வெந்துருச்சான்னு பாத்துக்கிட்டிருந்தேன். அஞ்சாவது வடை. புரூஃபத் திறக்காமலே கட்டைவிரல் பொம்மைய அனுப்பிட்டேன்.

சாயங்காலம் பிள்ளையார் கோயில்ல இருந்து கார் கெளம்புது. பயலுக கைக்குப் பேப்பர் வந்ததே அப்பத்தான். ஒன், டூ, த்ரீ...

பாம். பாம். பாம்பாம். பாம்.

தாளம் பக்கா! சத்தம் மட்டும் ஒண்ணே ஒண்ணு. தெரு முடியிற வரைக்கும் அதே பாம். மீன் வண்டின்னு நெனச்சு ஒரு அக்கா சட்டியோட வாசலுக்கே வந்துருச்சு.

டிரம்பெட் பயகிட்ட ஓடுனேன். "என்னலே வாசிக்கிற?"

"எழுதியிருக்கிறதத்தான். அண்ணன் புதுசா ஏதோ பண்ணிருக்காகன்னு நெனச்சோம்."

பேப்பரப் பிடுங்கிப் பாத்தேன். புள்ளி பூராவும் ஒரே கோட்டுல, ரேஷன் கடை வரிசை மாதிரி!

முத்துலட்சுமி அக்காவுக்குப் போனப் போட்டேன்.

"அதுவா தம்பி? புள்ளியெல்லாம் மேலயும் கீழயும் துள்ளிக்கிட்டு இருந்துச்சு. அலைன்மென்ட் போயிருச்சேன்னு ஒவ்வொண்ணா நேரா அடுக்குனேன். ரெண்டு மணி நேர வேலை! நீதான ஓகேன்ன?"

நாந்தான்.

அதுக்குள்ள கார் நின்னுச்சு. அண்ணன் பட்டு வேட்டி மாலையோட இறங்குனாக. என்னைய ஒரு பார்வை பாத்தாக. அப்படியே எரிஞ்சிருப்பேன், வயித்துல இருந்த வடைதான் காப்பாத்துச்சு.

"பேப்பரத் தூரப் போடுங்கலே!"

டிரம்பெட்ட வாங்கி மெட்ட ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டுனாக. பயலுக பிடிச்சுக்கிட்டானுக. மாப்பிள்ளை கையாட்டிக்கிட்டே முன்னாடி நடக்க, பூ சோடிச்ச கார் பின்னாடி காலியா வர, ஒரு வழியா மண்டபம் வந்து சேந்தோம்.

மதினிக்கு மொகமெல்லாம் சிரிப்பு. "மெட்டு அருமையா இருக்கு. ஆனா ஆரம்பத்துல பாம் பாம்னு இங்க வரைக்கும் கேட்டுச்சே, யாரு மீன் வித்தது?"

அண்ணன் திரும்பிக்கூடப் பாக்காம என்னையக் கை காட்டுனாக.

லினக்ஸ்ல கண்ணால பாத்து நோட்டு எழுத நல்ல சாஃப்ட்வேர் வேணும்னு, அதச் செய்றவுகளுக்கு ஒரு மனு எழுதி வச்சிருக்கேன். இன்னும் அனுப்பல. மொதல்ல புரூஃப் பாக்கணும்.