சீமைக்கு ஒரே ஒரு டிக்கெட்

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன் போனில் சொன்னது இவ்வளவுதான்.

"அப்பா, வீடு சின்னது. ஒருத்தருக்குத்தான் படுக்க இடம் இருக்கு. அங்க ஊர்ல நம்ம கடையையும் ஒருத்தர் பாத்துக்கணும். நீங்க வரீங்களா, அம்மா வராங்களான்னு பேசி வைங்க. ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன். டிக்கெட் போட்டுடலாம்."

பேசி வைப்பதாம்! இதில் பேச என்ன இருக்கிறது? நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஆனால் மனசு குடியிருப்பது சீமையில். கல்லாவுக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஓர் ஆங்கில நாவல் கவிழ்ந்து கிடக்கும். வாடிக்கையாளர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டு, சரியா தப்பா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நானோ பனிமூட்டத்தில் ஒரு குதிரை வண்டியைத் துரத்திக்கொண்டிருப்பேன். என் மனைவிதான் ஓடிவந்து லென்ஸை மாற்றிப் போட்டு அவரை அனுப்பி வைப்பாள். லண்டனில் எந்தத் திருப்பத்தில் விளக்குக் கம்பம் இருக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன். எங்கள் தெருவில் பள்ளம் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். விழுந்த பிறகுதான் தெரியும்.

அப்படிப்பட்டவன், "நான் போறேன்" என்று வாய்விட்டுக் கேட்பதா? நான் படித்த நாவல்களில் எந்தக் கனவானும் தனக்கு வேண்டியதைக் கேட்டதே கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். எதிரில் இருப்பவர்களே புரிந்துகொண்டு கொடுத்துவிடுவார்கள்.

ஆகவே, "எனக்கு வேண்டாம்" என்று இவள் வாயாலேயே வர வேண்டும். அதற்கு ஒரே வழி பயமுறுத்துவது.

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். அவள் ஒரு பிரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்க குளிருன்னா சும்மா இல்ல, தெரியுமா? எலும்புக்குள்ள பூந்துடும்."

"அப்படிங்களா?"

"சாயங்காலம் ஆகறதுக்குள்ள இருட்டிடும்."

"நல்லதாப் போச்சு. சீக்கிரம் படுத்துக்கலாம்."

"பக்கத்து வீட்டுக்காரங்க முகம் குடுத்தே பேச மாட்டாங்க."

"இங்க பேசறவங்களால மட்டும் நிம்மதியா இருக்கோமாக்கும்?"

எனக்கு வேர்த்தது. "பழைய வீட்டுல எல்லாம் பேய் உண்டு. தலையக் கையில புடிச்சுக்கிட்டு மாடிப்படி இறங்கும்."

"பாவம். கை வலிக்காதா?"

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "நாய வீட்டுக்குள்ளயே வெச்சிருப்பாங்க. சோபாவுல நம்ம பக்கத்துல வந்து உக்காரும்."

திருகாணி முடுக்கிய கை நின்றது. தெருமுனையில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வருகிறவள் அவள்.

"எவ்வளவு பெருசுங்க?"

"கன்னுக்குட்டி தேவலாம்."

"கடவுளே!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. நான் மெதுவாகக் காதைக் கொடுத்தேன். "யார எங்க வெக்கணுமோ அங்க வெச்சுடுப்பா சாமி" என்று வேண்டிக்கொண்டிருந்தாள். நானும் மனசுக்குள், "ஆமா சாமி" என்றேன்.

தினமும் நாய் வளர்ந்தது. குளிர் கூடியது. அவளோ "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டாளே தவிர, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்துப் பார்வை லென்ஸைத் தூரத்துப் பார்வைக்காரருக்குப் போட்டு அனுப்பினேன். அவர் வாசற்படியைத் தாண்டுவதற்குப் பதிலாக எட்டி உதைத்தார்.

சனிக்கிழமை அவளே வாயைத் திறந்தாள்.

"ஏங்க, நீங்க சொல்றதெல்லாம் கேட்டா அடிவயித்தக் கலக்குது. நாளைக்குப் புள்ளகிட்ட நீங்களே ஒண்ணு விடாம சொல்லிடுங்க. எனக்கு அவ்வளவு கோர்வையா வராது."

ஆகா! கனிந்துவிட்டது பழம்!

ஞாயிற்றுக்கிழமை லென்ஸ் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்தோம். முதலில் பேரன் முகம். இவள் இன்னும் தூக்கிக் கொஞ்சாத பேரன். கண்ணாடி துடைக்கும் துணியால் அந்தக் கன்னத்தைத் திரையிலேயே மெல்லத் துடைத்தாள். பிறகு, "அப்பா பேசணுமாம்டா" என்று தன் நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டாள். திரையில் நான் மட்டும்தான்.

ஆரம்பித்தேன் பாருங்கள்! குளிர், இருட்டு, பேசாத அண்டை வீடு, தலையில்லாப் பேய், கன்றுக்குட்டி நாய். உருக்கமாக இருக்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் நடுங்கவும் விட்டேன்.

மகன் முகம் சுருங்கிவிட்டது.

"அப்பா, இதையெல்லாம் நெனச்சு இவ்வளவு பயந்துபோயிருக்கீங்களா? நீங்கதான் ஆசப்படுவீங்கன்னு, உங்க பேரத்தான் டைப் பண்ணி வெச்சிருந்தேன்."

போனை நோக்கிக் குனிந்தேன்.

"அந்தப் பேரு... இன்னும் இருக்கா தம்பி?"

"அழிச்சுட்டேன்ப்பா. கவலப்படாதீங்க."

"அவசரப்பட்டு அழிக்கலாமா? யோசிச்சு..."

"சரி, மனசத் தொறந்து சொல்லுங்க. உங்களுக்கு வரணும்னு இருக்கா இல்லையா?"

வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி! கேட்ட உடனே தலையாட்டினால் அது கனவானுக்கு அழகா? தொண்டையைச் செருமினேன். ஜன்னலைப் பார்த்தேன். "எனக்குன்னு என்னப்பா இருக்கு? உங்கம்மா விருப்பம் எப்படியோ அப்படி" என்றேன். இன்னும் ஒரு தரம் கேட்பான். அப்போது ஒத்துக்கொள்ளலாம்.

கேட்கவில்லை.

ஓரத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. "அவர வற்புறுத்தாதடா. வாரம் பூரா பொலம்பல். பாவம், வயசான மனுஷன். நானே வந்துடறேன்."

"உனக்கு நாய்னா பயமாச்சேம்மா?"

"இருந்துட்டுப் போவுது. புள்ளயத் தூக்கறதுக்கு அதையும் தாண்டித்தானே வரணும்?"

டிக்கெட் போட்டாயிற்று. போனும் அணைந்தது. நான் கடைசியாக ஒரு கொம்பைப் பிடித்துத் தொங்கினேன்.

"ஏம்மா, யோசிக்காம ஒத்துக்கிட்டியே! அந்தக் குளிருக்கு உங்கிட்ட ஒரு ஸ்வெட்டராவது இருக்கா?"

அவள் திருகாணி டப்பாவை மூடி வைத்துவிட்டு, சாந்தமாகச் சொன்னாள்.

"செவ்வாக்கிழம பீரோவுக்குப் பின்னால ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி ஒளிச்சு வெச்சீங்களே, புதன்கிழமையே கையக் கொறச்சு எனக்குத் தெச்சுக்கிட்டேன்."