மச்சானுக்கு நெஞ்சு வலி, எனக்கு வாய்வு

ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு ஊசி ஞாபகம் வரும். எனக்கு மச்சான் நௌபர் ஞாபகம் வருவார். கூடவே, உள்ளே எங்கோ பழைய எரிச்சலொன்று புரண்டு படுக்கும். பொறாமைதான். மரியாதையான வேறு சொல் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

சில வருசங்களுக்கு முன் கல்முனைப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில், மருத்துவ மாணவர்களைப் பழக்க நோயாளியாக நடிக்க ஆட்கள் கேட்டார்கள். பிழை விடுவதென்றால் போலி நோயாளியில் விடட்டும் என்ற நல்லெண்ணம். ஒருவகை விளையாட்டுத்தான். நமக்கொரு நோய் தருவார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். மாணவர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கவியரங்குகளில் கடலையே அழவைத்தவன் நான். (கூட்டம்தான் அழவில்லை.) நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். மனைவியின் தம்பி நௌபரையும் துணைக்குக் கூட்டிப்போனேன், அதுதான் வினை. மச்சானுக்குச் சம்மாந்துறையில் அரிசி ஆலை. வாழ்நாளில் அவர் நடித்த ஒரே நடிப்பு, நெல் விலையைக் கேட்டு அதிர்ச்சியடைவது.

பொறுப்பான டாக்டர் மேடம் மச்சானை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு நெஞ்சு வலி." என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வாய்வு."

"மேடம், நான் கவிஞன்."

"ஓம், பரவாயில்ல," என்றார்.

இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் மச்சான் "உம்மா..." என்று ஒரு முனகல் விட்டார் பாருங்கள், மாணவர்கள் விழுந்தடித்து ஓடினார்கள். இந்தப் பக்கம் நான் ஏப்பம் விட்டுக்கொண்டு கிடந்தேன். அந்த ஏப்பத்திலும் ஒரு சந்தம் வைத்தேன். யார் கவனித்தார்கள்?

கடைசியில் என்னிடமும் ஒரு பிள்ளை வந்தாள். பேனாவை இரண்டு தடவை கீழே போட்டாள். காரணம் எனக்குத் தெரியும். வாசலில் மேடம் அவளிடம் கதைத்தது என் காதில் விழுந்திருந்தது. "றிஸ்னா, போன தடவ விட்டுட்டீங்க. இதையும் விட்டா அடுத்த பெட்ச்சோடதான் படிக்கணும்."

"மாமா, எங்க நோகுது?"

சாப்பிட்ட பிறகு மேல்வயிறு என்பதுதான் என் பாடம். அந்த நேரம் பார்த்துத் திரைக்கு அப்பால் மச்சானுக்குக் கைதட்டினார்கள். என் கை தானாக ஏறி நெஞ்சில் குந்தியது.

"இஞ்ச மகள். நெல்லு மூடையத் தூக்கி வெச்ச மாதிரி இரிக்கி. இடது கையும் இழுக்குது."

கண்ணை மேலே செருகினேன். பேனாவை எறிந்துவிட்டுப் பாய்ந்தாள். மாஸ்க் வந்தது. வயர் ஒட்டுவதற்காக என் நெஞ்சு முடியில் ஒரு பாத்தி அளவு வழித்தெடுத்தாள். மேடம் ஓடி வந்தார்.

"றிஸ்னா, இது வாய்வுக் கேஸ். என்ன செய்றீங்க?"

அந்தப் பிள்ளையின் முகம் செத்துப்போனது. நான் வாயைத் திறக்குமுன் திரை கிழிந்தது. மரணப்படுக்கையில் இருந்த மச்சான், எனக்கு உண்மையாகவே வந்துவிட்டதென்று நம்பி, ஒட்டிய வயர்களோடு பாய்ந்து வந்து என் தலைமாட்டில் குந்தினார். காதில் வாயை வைத்தார். கண்ணீர் என் கன்னத்தில் விழுந்தது.

"மச்சான், கலிமாச் சொல்லுங்க. லாயிலாஹ..."

சாகிறவன் காதில் ஓதும் கலிமாவை வாங்கிக்கொண்டு பொய்யாகச் சாக எங்கள் ஊரில் எவனுக்கும் ஏலாது. மாஸ்க்கைக் கழற்றினேன்.

"எனக்கு ஒண்டுமில்ல. வாய்வுதான். மச்சானுக்குக் கை தட்டினதப் பொறுக்க ஏலாம நெஞ்செண்டு சொல்லிட்டன். இந்தப் பிள்ள செஞ்சதெல்லாம் சரி."

மேடம் மதிப்பெண் தாளை எடுத்து எழுதினார்.

"றிஸ்னா பாஸ். நோயாளி ஃபெயில்." பிறகு, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த மச்சானிடம் குழைந்தார். "அடுத்த முறையும் நீங்க கட்டாயம் வரணும்."

அன்றிலிருந்து வீட்டில் நான் நெஞ்சைத் தடவினால் போதும். "நோவா, பொறாமையா?" என்று மனைவி அடுப்படியிலிருந்தே கேட்பாள். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள்.

போன மாதம் உண்மையாகவே நெஞ்சு இறுகியது. அவசரப் பிரிவு, ஸ்பிரிட் மணம், திரை. திரையை விலக்கிக்கொண்டு வந்தது டாக்டர் றிஸ்னா. சிரிக்கவில்லை. ஈசிஜி, இரத்தம் என்று ஒன்றும் விடாமல் பார்த்து, பின்னேரம் வரை என்னைப் படுக்க வைத்தாள்.

"மாமா, பயப்பட ஒண்டுமில்ல. இந்த முறையும் வாய்வுதான்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது பின்னால் கூப்பிட்டாள்.

"மாமா, உங்கட மச்சானுக்கு மறக்காம ஸலாம் சொல்லுங்க."