ஒழுக்கும் ஒழுக்கமும்

போடிநாயக்கனூரில் கடவுளுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. வாசர் அண்ணனுக்குப் பயப்படாமல் பைக் ஓட்டுகிறவன் ஒருவன்கூடக் கிடையாது. உலகத்தில் நடக்கிற கெடுதல் அத்தனைக்கும் காரணம், இன்ஜினுக்கு அடியில் ஆயில் இறக்குகிற நட்டில் தப்பான வாசர் வளையத்தைப் போடுவதுதான் என்று அவர் மனதார நம்பினார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

அவருடைய பட்டறை என் வாடகை வீட்டுக்கு நேர் எதிரே. டப்பா டப்பாவாக வாசர்கள் வைத்திருப்பார். செம்பு, அலுமினியம், ரப்பர் வளையம் என்று எல்லாம் இருக்கும். ஆயில் மாற்ற வண்டி வந்தால் பழைய வாசரை நகத்தால் தடவிப் பார்ப்பார். அலுமினியம் என்றால், "ஒருக்க நசுங்குனது நசுங்குனதுதேன்" என்று தூர வீசுவார். செம்பு என்றால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, இளகியதா என்று பார்த்துத்தான் மாட்டுவார். நாம் அதுவரை வெயிலில் காய வேண்டும்.

"அண்ணே, வெரசா ஒழுக்கு அடைக்கிற பேஸ்ட்டக் கொஞ்சம் அப்பி விடுங்க" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு.

"அப்புறேன் அப்பு, நல்லா அப்புறேன். அது பிதுங்கி உள்ள போயி சல்லடைய அடைச்சு, குரங்கணி ரோட்டு வளைவுல வண்டி நிக்கும். அப்ப பேஸ்ட்டா வந்து ஒன்னயத் தள்ளும்?"

இன்னொரு குணம், அவருக்கு மனிதர்களே கண்ணில் படமாட்டார்கள், வண்டிகள்தான் தெரியும். "வாத்தியாரு ரெண்டு நாளா பொகையா விடுறாரு" என்பார். "டீச்சரம்மாவுக்கு செயின் லூசு" என்பார். கேட்கிற புது ஆள் மிரண்டு போவான்.

நான் அப்போது குரங்கணிப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். ஒரு நாள் மலையில் என் பைக்கில் ஆயில் சொட்ட, அவசரத்துக்கு வழியில் ஒருவரிடம் பேஸ்ட் அப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வாசர் அண்ணன் குனிந்து பார்த்தார். அதற்கப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்த மூன்றாம் நாளில்தான் சிலமலையிலிருந்து கயல்விழியின் அப்பா பஸ்சில் வந்து இறங்கினார். பெண் பார்த்தாயிற்று, எனக்கு அவளைப் பிடித்துப்போய்ச் சோறு இறங்கவில்லை, அவளுக்கும் சம்மதம். பாக்கி, மாப்பிள்ளையைப் பற்றித் தெருவில் நைசாக விசாரிப்பது மட்டும்தான். நேரே பட்டறைக்குப் போயிருக்கிறார். வாசர் அண்ணன் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருக்க, பக்கத்து வண்டி டுர்ரென்று உறுமிக்கொண்டிருந்திருக்கிறது.

"தம்பி, எதுத்த வீட்டுப் பையனுக்கு ஒழுக்கமெல்லாம் எப்படி?"

அண்ணன் காதில் அது "ஒழுக்கெல்லாம்" என்று விழுந்தது.

"அதயேன் கேக்குறீக? ரொம்ப மோசம்ணே. வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும், அடியில குனிஞ்சு பாத்தாத்தேன் தெரியும். போற எடமெல்லாம் கறைதேன். நானும் ஒருக்க சரி பண்ணி அனுப்புனேன். மலைக்குப் போயி கண்டவன்ட்ட சேந்து, மறுபடி ஆரம்பிச்சிருச்சு."

மறுநாள் தரகர் வந்து, "ஒழுக்கம் சரியில்லைன்னு சொல்லிட்டாக மாப்ளே" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். எதிர்ப் பட்டறை என்றதும் ஓடினேன்.

"அடப்பாவி அண்ணே, என் ஒழுக்கத்தப் பத்தி என்ன சொன்னீக?"

"நான் எங்கடா ஒழுக்கத்தப் பத்திப் பேசுனேன்? ஒழுக்கப் பத்தித்தேன பேசுனேன்!" என்றவருக்குச் சொல்லி முடிக்கும்போதே விஷயம் விளங்கிவிட்டது. முகம் வெளுத்துப்போனது. "ஆத்தாடி... வண்டியக் கொண்டா இங்க."

நான் துடித்துக்கொண்டு நிற்க, அவர் பேஸ்ட்டைத் துணுக்கு விடாமல் சுரண்டி, நான்கு வாசர்களை மாற்றி மாற்றிப் பார்த்து, ஐந்தாவதை மாட்டினார். நட்டை அளவாக முறுக்கினார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "சிலமலைக்கு விடு" என்றார்.

கயல் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, அடியில் ஒரு வெள்ளைக் காலண்டர் தாளை விரித்தார். நடந்ததைச் சொன்னார். அவள் அப்பா நம்பாமல் பார்த்தார்.

"அய்யா, நான் சொன்னது இந்த வண்டிய. பையன் தங்கம். ஒரு மணி நேரம் பாப்போம். இதுல ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா பொண்ணு குடுக்காதீக."

படுபாவி! என் கல்யாணத்தை ஒரு செம்பு வளையத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். இன்ஜின் சூட்டில் ஆயில் இளகிச் சொட்டிவிடுமோ என்று நான் குனிந்து குனிந்து பார்த்தேன். வீடே தாளைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்தது. காப்பி வந்தது, ஆறியது. கதவிடுக்கில் கயல் நகத்தைக் கடித்துக்கொண்டு தாளையே பார்த்தாள்.

தாள் வெள்ளையாகவே இருந்தது. அவள் அப்பா அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எழுந்து மாட்டுக் கொட்டத்துக்குள் போனார். திரும்பி வரும்போது தன் பழைய மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, அப்படியே என் ஒழுக்கையும் கொஞ்சம் பாத்து விடுங்க. முகூர்த்தத்துக்கு நாலு ஊரு அலையணும்ல."

கல்யாணத்துக்கு வாசர் அண்ணன் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வந்தார். மேடைக்குக் கூட்டிவர ஆள் அனுப்பினேன். மண்டப வாசலில் எவனுடைய வண்டியோ சொட்டுகிறதாம், இதோ வருகிறேன் என்றாராம். வரவேயில்லை. ஆல்பத்தில் அவர் இருக்கிற ஒரே படத்தில், ஒரு வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் புரட்டிவிட்டு, "இது யாரு கால்?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாத கயல் சொல்லிவிடுவாள்.

"எங்கண்ணே."