ரெட்டை றெக்கையின் நாலு விமானங்கள்

சின்ன காஞ்சிபுரத்தில் விமானம் இறங்காது என்று சொல்கிறவன் ரெட்டை றெக்கையின் வீட்டுக்குள் போனதில்லை. அங்கே பிரிட்ஜ் மேல் இரண்டு, டிவி பக்கத்தில் ஒன்று, அரிசி டிரம் மேல் ஒன்று என நாலு இறங்கி நிற்கின்றன. எல்லாம் ஒரு சாண் பிளாஸ்டிக் விமானங்கள். அந்தக் காலத்து மாடல். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை. பட்டப்பெயர் வந்த வழி அதுதான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

தொழில் பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால், புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்ட அவர் விரல் ஓடினால் ஒரு இழை தொங்காது. தொங்கினால் அறுத்து மறுபடி முறுக்குவார். அடுத்தவன் தறியில் தொங்கல் தெரிந்தாலும் கேட்காமல் உள்ளே நுழைந்து அறுப்பார். நானும் நெசவாளிதான்; இதற்காக நானே இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன்.

கூரியரில் விமானத் துண்டுகள் அடங்கிய பெட்டி வந்தால் மனிதர் தொலைந்தார். வெட்டுவார், உப்புத்தாள் தேய்ப்பார், ஒட்டுவார், பெயின்ட் அடிப்பார். ஒருமுறை நகத்தளவு விமானி பொம்மைக்கு நெற்றியில் விபூதிப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“யோவ், அவன் வெள்ளக்காரன்யா!” என்றேன்.

“இருக்கட்டும்பா. அம்மாம் ஒசரம் போறான், வெறும் நெத்தியோடவா அனுப்பறது?”

இரண்டு வருஷம் முன்பு ஒரு முகூர்த்தப் புடவை ஒப்புக்கொண்டேன். கல்யாணத்துக்கு இருபத்துமூன்று நாள். நெய்யவே பதினாறு நாள் வேண்டும். பாவு தயார், ரெட்டை றெக்கை மூன்று நாளாக வரவில்லை. இன்னும் இரண்டு நாள் போனால் அந்தப் பெண் ஏதோ கடைப் புடவையில் மணையில் உட்காருவாள். அப்புறம் எனக்கு எவன் வேலை தருவான்?

போனேன். மனிதர் இரண்டு இறக்கைக்கும் நடுவே பட்டு இழை கட்டிக்கொண்டிருந்தார். நிஜ விமானத்தில் அங்கே கம்பி இருக்குமாம். ஏற்கெனவே ஒருமுறை கட்டி முடித்தாராம். கைப்பழக்கம், பாவுக்குத் தடவுவதுபோல் அதற்கும் அரிசிக் கஞ்சி தடவியிருக்கிறார். கரப்பான்கள் இழையோடு சேர்த்து விருந்து சாப்பிட்டுப் போய்விட்டன.

“கஞ்சி இல்லாம இழ நிக்கும்னு எனக்கெப்படிபா தெரியும்?”

“என் தறி மூணு நாளா பட்டினி கெடக்குது. நீ கரப்பானுக்குச் சோறு போட்டுக்கினு இருக்கிறியா?”

“இன்னும் எட்டே இழபா. முடிச்சிட்டு வந்துடறேன்.”

மேஜையில் ஓங்கிக் குத்தினேன். விமானம் குதித்துக் கீழே விழுந்தது. மேல் இறக்கை தனியாக வந்து, அப்போது கட்டிய இழைகளில் தொங்கியது.

திட்டுவார் என்று பதிலோடு நின்றேன். அவரோ இறக்கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். சாம்பல் பொட்டலத்தை இடுப்பில் செருகினார். என் வீட்டுக்கு நடந்தார். மறுநாள் சாயங்காலத்துக்குள் முழுப் பாவையும் பிணைத்துவிட்டுப் போனார். ஒரு இழை தொங்கவில்லை.

புடவை நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. நெய்த பதினாறு நாளும் அவர் முறுக்கிய இழைகள்தான் என் முன்னால் இருந்தன. நான் வெட்கப்படுகிற ஜாதி இல்லை. அந்தப் பதினாறு நாள் பட்டேன்.

கல்யாணம் முடிந்ததும் கஞ்சி போடாத பட்டு இழை கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனேன். இறக்கையை ஒட்டி வைத்திருந்தார். ஒட்டிய இடம் தழும்பாகத் தெரிந்தது. மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வராது. இழையை நீட்டினேன். அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

“நீயே ஒண்ணு கட்டு.”

என் விரல் உலக்கை. அரை மணி நேரம் ஆனது.

“தொங்குதுபா” என்றார்.

“எனக்கும் கண்ணு இருக்குது. அறுத்துட்டு நீயே கட்டிக்கோ.”

“கட்டலாம், கட்டலாம். டீ குடி.”

அந்த விமானம் டிவி பக்கத்தில் நிற்கிறது. போகும்போதெல்லாம் பார்க்கிறேன். ஊரில் எவன் தறியில் தொங்கினாலும் அறுக்கிற மனிதர், அந்த ஒரு இழையை இன்னும் அறுக்கவில்லை.