துரையின் பட்டாணிக்கு மஞ்சள் துணி கட்டிய கதை

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில், தாவரவியலில் பி.ஏ. வாங்கிய கையோடு, செடிகொடி விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்குத் தலைக்கேறியிருந்தது. அதை இறக்கி வைத்தவை இரண்டு டஜன் பட்டாணிச் செடிகள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், அடையாற்றங்கரை பங்களா ஒன்றில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் உதவியாளனாக இருந்தேன். அவருடைய ஊர் வடக்கே எங்கேயோ, வெயில் விருந்தாளி மாதிரி வந்து போகிற குளிர்ப் பிரதேசம். அங்கே விளையக்கூடிய, இறைச்சிக்கு ஈடாகப் புரதம் உள்ள ஒரு பட்டாணியை உண்டாக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். குளிர் தாங்கும் ரகம் ஒன்று, புரதம் மிகுந்த ரகம் ஒன்று. இரண்டையும் கலக்க வேண்டும். எங்கே? சென்னையில்! (மார்கழிதான். இருந்தாலும் சென்னை சென்னைதானே!) தொட்டிகளைச் சுற்றி ஈரச்சாக்கு, அதன்மேல் ஐஸ் கட்டி. எங்களுக்கு வேர்த்துக் கொட்டியது, செடிகள் மட்டும் சுகமாக இருந்தன.

கிறிஸ்துமஸுக்கு நீலகிரி கிளம்பிய துரை, "நாற்பது பூவில் மகரந்தம் மாற்றி வை. நான் வரும்போது பாதியாவது காய்த்திருந்தால் உன் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்" என்றார்.

அந்த வேலையை நம்பித்தான் என் கல்யாணமே இருந்தது. மயிலாப்பூர் விசாலத்தை எனக்குப் பேசியிருந்தார்கள். "உத்தியோகம் நிரந்தரம் ஆகட்டும், அப்பறம் முகூர்த்தம் பார்க்கலாம்" என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். (பட்டாணிக்கு ஐஸ் வைக்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, 'பெரிய ஆராய்ச்சி' என்று மட்டும் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன்.)

பட்டாணி மொட்டு மலர்வதற்குமுன் அதைப் பிரித்து, அதன் சொந்த மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, அடுத்த ரகத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, உறை போட வேண்டும். துரை கொடுத்த காகித உறைகள் ஐஸ் தண்ணீரில் கூழாகிவிட்டன. நான்தான் மேதாவி ஆயிற்றே! அம்மாவின் பழைய மஞ்சள் புடவையைக் கிழித்து, குட்டிக் குட்டிப் பைகளாக்கி, சிவப்பு நூலால் கட்டினேன். விடியற்காலையில் குளித்துவிட்டு, வெறுங்காலோடு, எண்ணிக்கையை முணுமுணுத்தபடி நான் கட்டுவதைத் தோட்டக்காரரின் மனைவி கன்னியம்மா பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சாமி, இது பலிக்குமா?"

"பத்துக்கு எட்டு நிச்சயம்" என்றேன் மிடுக்காக.

மரத்தில் மஞ்சள் துணி முடிந்தால் அது வேண்டுதல் என்று நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பி.ஏ. படித்த எனக்குத்தான் தோன்றவில்லை. கன்னியம்மா மயிலாப்பூர் வீதிகளில் கீரை விற்பவள். கீரைக்கட்டோடு இந்தச் செய்தியையும் வாசல் வாசலாக இறக்கிவிட்டாள்.

ஐஸ் உபயத்தில் எனக்கு நாலு நாள் காய்ச்சல். திரும்பி வந்து பார்த்தால், ஐயோ! நாற்பது எங்கே, நானூறு எங்கே! செடியே தெரியாமல் மஞ்சள் முடிச்சுகள். கனம் தாங்காமல் அத்தனை செடியும் தொட்டிக்கு வெளியே சாஷ்டாங்கமாக நமஸ்காரம் பண்ணிக்கொண்டிருந்தன. வேருக்குப் பால் அபிஷேகம் வேறு.

"யாரைக் கேட்டுக் கட்டினீர்கள்?" என்று அலறினேன்.

"உன்னப் பாத்துத்தான் சாமி எல்லாரும் கட்னாங்கோ. கத்தாத, பின்னால சனம் நின்னுகினு கீது" என்றாள் கன்னியம்மா.

திரும்பினேன். வாசல்வரை வரிசை. வரிசையின் கடைசியில், தொப்பியைக் கையில் பிடித்தபடி, துரை.

அவர் நேராகச் செடிகளிடம் வந்தார். மண்டியிட்டு முடிச்சுகளைப் பிரிக்க ஆரம்பித்தார். வரிசையில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒன்றில் மஞ்சள் கிழங்கு. ஒன்றில் கட்டைவிரல் அளவு மரத்தொட்டில். ("இது எந்த ரகம்?" என்று கேட்டார்.) ஒன்றில் என் பூ, அழுகிப்போய். அடுத்ததில் மடித்த சீட்டு. "படி" என்று நீட்டினார்.

'எனக்குப் பார்த்திருக்கும் வரனுக்குச் சீக்கிரம் உத்தியோகம் நிரந்தரமாக வேண்டும். விசாலம், மயிலாப்பூர்.'

மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"யார் அந்த வரன்?"

"நான்தான்" என்றேன்.

துரை என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று புரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அன்று மாலையே எனக்கு வேலை போயிற்று. வீடுவரை அழுதுகொண்டே நடந்தேன்.

விஷயம் தெரிந்ததும் விசாலத்தின் அப்பா சம்பந்தம் வேண்டாம் என்றார். விசாலம் கூடத்துக்கே வந்துவிட்டாள். "செடி சாஞ்சதுல என் முடிச்சுக்கும் பங்கு இருக்குப்பா. அவர் வேலையைக் கெடுத்துட்டு இப்போ வேண்டாம்னா எப்படி? அவரை நானே கல்யாணம் பண்ணிண்டுடறேன்" என்றாள். அப்பா பஞ்சாங்கத்தை எடுத்தார். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைக்க, மாசியில் கல்யாணம்.

பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்றைக்கும் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என் பெண் என்னைக் காட்டி, "இவர்தான் அம்மா கட்டின அபராதம்" என்பாள்.

விசாலம் சமையலறையிலிருந்தே திருத்துவாள்: "கட்டினதா? இன்னும் கட்டிண்டுதானேடி இருக்கேன்!"